மலையிலிருந்து கடலை ஆராய்தல்

முன்னுரை

தமிழ்ச் சான்றோர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். மலை குறிஞ்சி, கடற்கரை நெய்தல். இலக்கணம் பிரித்துக் காட்டிய இவ்விரண்டையும் ஆறுகள் இணைக்கின்றன. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்த அட்டுவம்பட்டி, கொடைக்கானல் மலையில் உள்ளது. அம்மலையின் வடசரிவு நீர் சண்முகநதி, அமராவதி வழியே காவிரியைச் சேர்கிறது. தென்சரிவு நீரோ மஞ்சளாறு, வராகநதி வழியே வைகையிற் கலந்து, இராமநாதபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை என்னும் கடலோர ஊரை நோக்கிச் செல்கிறது. ஆகவே கரைக்கடல் ஆய்வு மலைமீது பயில்வோர்க்கும் உரியதே. அவ்வாய்வின் முறைகளையும், அதில் தமிழ் மாணவர்க்குள்ள பங்கையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நீரை அளத்தல்

கடல்நீரின் வெப்பம், உப்பளவு, அதிற் கரைந்துள்ள ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றை அளப்பதே முதற்படி. கலங்கலை அளக்க எளிய கருவி ஒன்றுண்டு. 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியல் அறிஞருமான செக்கி என்பார் வெண்ணிற வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டிக் கடலுள் இறக்கிப் பார்த்தார். தகடு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவைக் காட்டும் அளவு. இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. எக்கருவியாயினும் ஒரு நெறி பொதுவானது: இடம், நேரம், ஓதநிலை மூன்றையும் குறித்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று முகத்துவாரத்தில் உப்புக் குறையும், கோடையில் கூடும். ஒருநாள் அளவைகொண்டு ஓராண்டுக்குத் தீர்ப்புரைத்தல் பிழையாகும்.

உயிர்களை எண்ணுதல்

நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை நுண்கண் வலையால் அரித்தெடுத்து, நுண்ணோக்கியில் எண்ணுவர். பவளப்பாறைக்கு வேறு முறை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கு மூழ்கி ஆய்வோர் கடலடியில் அளவு நாடாவை விரிப்பர். 20 மீட்டர் நாடாவின்கீழ் 8 மீட்டர் நீளம் உயிர்ப்பவளம் இருப்பின், அஃது 40 விழுக்காடு. 2010, 2016 ஆம் ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறின. மடிந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்பது திரும்பத் திரும்ப அளந்ததாலேயே புலனாயிற்று.

மீன்வளத்தை அறிய எல்லாப் படகுகளையும் எண்ண இயலாது. 1947இல் தொடங்கப்பெற்று, முன்னர் மண்டபத்தையும் இன்று கொச்சியையும் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், சில இறங்குதுறைகளையும் சில நாட்களையும் மாதிரியாகத் தெரிந்தெடுத்து, அவற்றின்வழி மொத்த மீன்பாட்டை மதிப்பிடுகிறது.

நஞ்சைத் தேடுதல்

மலையிற் சேரும் மாசு ஆற்றோடு இறங்கக்கூடும். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு நமக்கொரு பாடம். இங்கு நீரை மட்டும் சோதிப்பது போதாது. பாதரசம் வண்டலிற் படியும். நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறும். சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறித் திரளும். ஆதலின் மலையடி முதல் முகத்துவாரம் வரை வண்டலையும் மீன்தசையையும் சோதித்தலே தக்க முறை.

மக்களைக் கேட்டல்

கருவி காட்டாததை மக்கள் காட்டுவர். பாம்பன் பகுதிப் பெண்கள் கடலுள் மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை என அவர்கள் வழங்கும் பெயர்களே ஒரு வகைப்பாடு. பாசி மீண்டும் தழைக்க வேண்டுமென்று, மாதத்தில் 12 நாட்களே எடுப்பதெனத் தமக்குள் வரையறுத்துக் கொண்டனர். அவர்களுள் சின்னப்பாலம் இலட்சுமி 2015இல் சீகாலஜி விருது பெற்றார்.

இத்தகையோரிடம் செய்தி திரட்டும் தமிழ் மாணவர் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். விடையை வினாவுக்குள் வைத்துக் கேட்கலாகாது. ஒரே செய்தியை மூவரிடம் தனித்தனியே கேட்டல் வேண்டும். சொல்லை ஒலித்தவாறே எழுதி, ஊர், அகவை, பருவம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பெயரைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும். ஏனெனில் ஒரே மீனுக்கு ஊர்தோறும் பெயர் வேறுபடும்.

முடிவுரை

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசையறிந்து காற்றை அழைத்த முதியோர் குறைந்து வருகின்றனர். தவறிய அளவையை அடுத்த பருவத்தில் எடுக்கலாம். மறைந்தவரிடம் சொல்லைக் கேட்க இயலாது. கல்வி தேடுதலைக் கடமையாக்கியது நம் மார்க்கம். கீழக்கரை, காயல்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உறவுடைய மாணவர்கள், வரும் விடுமுறையிலேயே தம் இல்லத்து மூத்தோர்முன் குறிப்பேட்டுடன் அமர்வார்களாக.