வீடு தேடி வரும் கணக்கு

காந்தலூர், இடுக்கி மாவட்டத்து மலை ஊர். இந்த வருடம் எத்தனை மூட்டை பூண்டு விளைந்தது என்று கேட்டால் அங்கே உடனே பதில் வரும். பிறந்த குழந்தைகளில் எத்தனை ஒரு வயதைத் தாண்டின என்று கேட்டால்? அதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்வு அப்படி ஒரு கணக்கு. முதல் ஆய்வு 1992-93இல் நடந்தது. ஐந்தாவது 2019-21இல் நடந்தது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை மத்திய அரசுக்காக நடத்துகிறது.

எல்லா வீட்டுக்கும் வர மாட்டார்கள். சீட்டுக் குலுக்குவது போலச் சில ஊர்களை எடுப்பார்கள். ஐந்தாவது ஆய்வில் ஓர் ஊருக்கு 22 வீடுகள். வீடு பூட்டிக் கிடந்தால் மறுபடி வருவார்கள். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக் கூடாது. பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், வேலைக்குப் போனவர்களின் கணக்கு விட்டுப்போகுமே!

பெண்களிடம் கேட்க வருபவரும் ஒரு பெண்தான்.

"அக்கா, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ரெண்டு."

"பிறந்து தவறிப்போன பிள்ளை உண்டா?"

இதைக் கேட்பதும் கஷ்டம், சொல்வதும் கஷ்டம். மூன்று நாள் மட்டும் இருந்த பிள்ளையைப் பற்றி வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை கணக்கில் வராது. குழந்தைகள் எங்கே அதிகம் இறக்கின்றன என்பதும் மறைந்துபோகும்.

தடுப்பூசி அட்டை இருந்தால் அதில் உள்ள தேதியைப் பார்த்து எழுதுவார்கள். இல்லாவிட்டால் தாயின் ஞாபகம்தான். ஐந்தாவது ஆய்வில் ரத்தசோகை பார்க்க விரலில் ஒரு சொட்டு ரத்தம் கேட்டார்கள். வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது.

சேர்ந்த கணக்கில் பெயரையும் முகவரியையும் நீக்கிவிடுவார்கள். அதன் பிறகே ஆராய்ச்சி செய்பவர்களுக்குக் கொடுப்பார்கள். முதல் ஆய்வின் கணக்கு இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் ஒப்பிட முடிகிறது. அன்று இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 79 ஒரு வயதுக்குள் இறந்தன. ஐந்தாவது ஆய்வில் அது 35. கேரளத்தில் 24ஆக இருந்தது 4ஆகக் குறைந்தது.

முதல் மூன்று ஆய்வுகளில் மாவட்டக் கணக்கு கிடையாது. 2015-16இல்தான் இடுக்கி போன்ற மாவட்டங்களுக்குத் தனிக் கணக்கு வந்தது. காந்தலூருக்கு மட்டும் என்று இதில் எதுவும் இல்லை. ஊரின் பிறப்பு இறப்பு, பஞ்சாயத்துப் பதிவேட்டில் இருக்கும். 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. மூன்று நாள் இருந்த குழந்தைக்கும் இரண்டு பதிவு உண்டு. பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று.