வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல்: கம்பனியைத் தெரிவு செய்யும் முன்



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இறக்கக்கண்டிப் பக்கத்துப் படகுக்கார இளைஞர் ஒருவர் என்னை மறித்தார். "நாநா, வந்து போன வெள்ளைக்காரருக்கெல்லாம் மெயில் போட ஒரு கம்பனி எடுக்கணும். எத எடுக்கிற?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைக் காட்டினார். அதில் பதினான்கு கம்பனிகளின் பெயர்கள். ஒவ்வொன்றும் தானே முதலாவது என்கிறது. "கம்பனிய விடுங்க தம்பி, உங்கட கொப்பியக் கொண்டு வந்து காட்டுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கு எழுதுகிறேன். கெஸ்ட் ஹவுஸ்காரருக்கும் படகுக்காரருக்கும் மட்டுமல்ல, கிண்ணியாவில் புடவைக் கடை வைத்திருப்பவருக்கும் இது உதவும்.

நூறு பேருக்கோ ஆயிரம் பேருக்கோ ஒரே கடிதத்தை அவரவர் பெயரிட்டுத் தனித்தனியாக அனுப்புவதும், வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள வழி வைப்பதும், போய்ச் சேராத கடிதங்களைக் கணக்கெடுப்பதும்தான் இந்தக் கம்பனிகளின் வேலை. நமது சொந்த ஜீமெயிலில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2017 இல் எனது விடுதியில் தங்கிச் சென்ற 180 பேருடைய முகவரிகளையும் ஒரே வரியில் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். ஒவ்வொருவருக்கும் மற்ற 179 பேருடைய முகவரியும் தெரிந்துவிட்டது. பிரான்ஸிலிருந்து ஒரு பெண்மணி நான்கு வரியில் பதில் எழுதினார். மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் நான் செய்த தவறு புரிந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து வந்தவர், அதன் பிறகு வரவில்லை. இலவச ஜீமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் விடமாட்டார்கள்.

நிலாவெளிக்காரருக்கு இந்த விடயம் ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். நமக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. புறாமலைக்குப் படகு ஓடுவதும் திமிங்கிலம் பார்க்க ஆள் வருவதும் அந்த ஆறு மாதத்தில்தான். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் படகைக் கரையேற்றிவிட வேண்டியதுதான். அந்த ஆறு மாத வியாபாரத்திலும் பெரும் பகுதி புக்கிங் தளங்கள் வழியாக வருகிறது; ஒவ்வொரு அறைக்கும் கமிஷன் போகிறது. அது போகட்டும், உழைப்புக்குக் கூலி. ஆனால் புக்கிங் டொட் கொம் போன்ற தளம் விருந்தினரின் உண்மையான மின்னஞ்சலை நமக்குத் தருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாற்று முகவரியைத் தருகிறது. அடுத்த வருடம் அதற்குக் கடிதம் எழுத முடியும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே விருந்தினர் நமது பதிவுக் கொப்பியில் தன் கையால் எழுதித் தரும் முகவரிதான் நமக்குச் சொந்தம்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் கடற்கரை வெறிச்சோடியது. 2020 மார்ச்சில் மூடிய விமான நிலையம் 2021 ஜனவரியில்தான் சுற்றுலாக்காரருக்கு முறையாகத் திறந்தது. 2022 இல் டீசல் வரிசை. இந்த மூன்று அடிக்குப் பின்னும் என் விடுதிக்கு முதலில் வந்தவர்கள் புதியவர்கள் அல்லர், முன்பு வந்து போனவர்களே. "நாங்கள் நலம், அறைகள் திறந்திருக்கின்றன, படகுக்கு எண்ணெய் இருக்கிறது" என்று எழுதிய மூன்று வரிக் கடிதம்தான் அவர்களை அழைத்து வந்தது.

இப்படிப் பெறுமதியான கொப்பியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. நான் முதல் தடவை கொடுத்தது தவறான இடத்தில். வெப்தளம் செய்து தருகிறோம், அதிலேயே முகவரி சேர்க்கும் படிவம் வைக்கிறோம், மாதாமாதம் கடிதமும் நாங்களே அனுப்புகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். பத்து மாதம் பணம் கட்டினேன். விலக நினைத்து, படிவத்தில் சேர்ந்த முகவரிகளைக் கேட்டபோது, அது தங்கள் முறைமைக்குள் இருப்பது, தர முடியாது என்றார்கள். ஏறக்குறைய 400 பேர். எழுத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் வாய்ப் பேச்சு. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா பகராவின் 282 ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதைப் பல முறை ஓதியவன் நான். ஆனாலும் எழுதிக்கொள்ளவில்லை.

அதனால் கம்பனிகளை வடிகட்டும்போது எனது முதல் சல்லடை விலை அல்ல, வெளியேறும் வழிதான். பத்துப் பெயர்களை மட்டும் உள்ளே போடுங்கள். அவற்றில் இரண்டை விலகியவர்களாக ஆக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுங்கள். பெயர், நாடு, சேர்ந்த திகதி எல்லாம் வருகிறதா? முக்கியமாக, விலகிய இருவரும் விலகியவர்கள் என்ற குறிப்புடன் வருகிறார்களா? அது வராவிட்டால் நாளை வேறு கம்பனிக்கு மாறும்போது, வேண்டாம் என்றவருக்கே மீண்டும் கடிதம் போகும். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். படகுக்காரத் தம்பியின் பதினான்கில் இரண்டு மூன்று இதிலேயே விழுந்துவிடும்.

அடுத்தது கணக்குப் பார்க்கும் முறை. நம்மவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சில கம்பனிகள் தலைக் கணக்கில் காசு வாங்கும்: உங்கள் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கேள்வி, கடிதம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் மாதக் கட்டணம் உண்டு. அமெரிக்காவின் மெயில்சிம்ப் பெரும்பாலும் இந்த வழி. வேறு சில, அனுப்பும் கடிதங்களை எண்ணிக் காசு வாங்கும். பாரிஸில் தொடங்கி, சென்டின்புளூ என்றிருந்து 2023 இல் பிரேவோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பனி இந்த வழியில் பெயர் பெற்றது.

என் பட்டியலில் 1,300 பேர். வருடத்துக்கு நான் எழுதுவது நான்கு கடிதம். ஆக மொத்தம் 5,200 கடிதங்கள். தலைக் கணக்குக்காரரிடம் போனால் அந்த நான்கு கடிதத்துக்காகப் பன்னிரண்டு மாதமும் 1,300 தலைக்கு வாடகை கட்ட வேண்டும். மழைக்காலத்தில் கரையில் கிடக்கும் படகுக்கு டீசல் ஊற்றுவது போன்றது அது. திருகோணமலை நகரில் கடை வைத்திருக்கும் ஒருவர் 600 பேருக்கு வாராவாரம் விலைப்பட்டியல் அனுப்புகிறார் என்று வையுங்கள். அவருக்கு வருடத்தில் 31,200 கடிதங்கள். அவருக்குத் தலைக் கணக்குத்தான் இலாபம். ஒரே கம்பனி எனக்கு நட்டம், அவருக்கு இலாபம். ஆகவே "எது மலிவு?" என்று இன்னொரு வியாபாரியிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். முதலில் உங்கள் இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள்.

தலை என்று யாரை எண்ணுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மெயில்சிம்ப் 2019 மே மாதம் அறிமுகப்படுத்திய திட்டங்களில், விலகிக்கொண்டவர்களையும் கட்டணக் கணக்கில் சேர்த்தது. கடிதமே அனுப்ப முடியாத ஆளுக்கும் காசு. பட்டியலைச் சுத்தம் செய்யாமல் வைத்திருந்தவர்களுக்குக் கட்டணம் ஏறியது. இலவசத் திட்டம் என்ற பேச்சையும் அளவோடு நம்புங்கள். அதே கம்பனியில் ஒரு காலத்தில் 2,000 பேர் வரை இலவசமாக வைத்திருக்கலாம். 2023 அளவில் அது 500 ஆகச் சுருங்கியது. தன் பொருளைத் தருவதும் நிறுத்துவதும் அவர்கள் உரிமை. அதை நம்பி நமது வருடக் கணக்கைப் போடக்கூடாது. முன்கூட்டிக் காசு கட்டிக் கடிதங்களை மொத்தமாக வாங்கும் முறையும் சிலரிடம் உண்டு, பருவ வியாபாரிக்கு அது பொருந்தும். ஆனால் வாங்கிய கடிதங்கள் எத்தனை மாதத்தில் காலாவதியாகும் என்று பாருங்கள்.

காசு கட்டுவது டொலரில் என்பதை மறக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360. மாதம் 20 டொலர் கட்டிய ஒருவருக்கு, கம்பனி ஒரு சதமும் கூட்டாமலே 4,000 ரூபா 7,200 ஆனது. அந்த நாட்களில் நமது வங்கி அட்டைகளால் வெளிநாட்டுக்குக் கட்டுவதும் பெரும் சிரமமானது. எனவே கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள்: "ஒரு மாதம் காசு வராவிட்டால் என் பட்டியலை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?" இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத கம்பனியை நான் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டேன். இன்னொன்று: கிரெடிட் கார்டில் போட்டு வட்டியில் விழ வேண்டாம், டெபிட் கார்ட் போதும்.

இனி, கடிதம் யாருடைய பெயரில் போகிறது என்ற விடயம். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் தங்கள் வாசலைக் கடுமையாக்கின. ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், குப்பை என்று முறையிடுவோர் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக்கூடாது. நமக்கு 5,000 இல்லை. ஆனால் முதல் இரண்டில் ஒன்றாவது சிறியவர்களுக்கும் கட்டாயம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். துறைமுக வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் சரக்கு ஏற்றிவர எந்தெந்த லொறிக்கு அனுமதி என்று வாசலில் கொடுத்து வைக்கும் பட்டியல்தான் எஸ்.பி.எஃப். சரக்கு வழியில் பிரிக்கப்படவில்லை என்று காட்டும் அரக்கு முத்திரை டி.கே.ஐ.எம். இரண்டும் பொருந்தாத லொறி வந்தால் திருப்பி அனுப்பு அல்லது தடுத்து வை என்று வாசல்காரருக்கு நீங்கள் கொடுக்கும் கட்டளை டிமார்க்.

இதற்கெல்லாம் உங்களுக்கென்று ஒரு டொமைன் பெயர் வேண்டும். ஜீமெயில் முகவரியைப் போட்டு வேறொரு கம்பனி வழியாக அனுப்பினால் அது குப்பைக் கூடைக்குத்தான் போகும். டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் பதிவகம் தருகிறது. .இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயரும் 2010 முதல் இருக்கிறது. இந்த மூன்றையும் அமைக்க வழிகாட்டாத, அமைக்கத் தேவையில்லை என்று சொல்லும் கம்பனி எத்தனை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

முகவரிகளையும் சேர்த்து விற்கிறோம் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லும்படி சூரா நூர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியும் அவர் வீடு போலத்தான் என்பது என் எண்ணம். மேலும் நமது விருந்தினரில் பலர் ஐரோப்பியர். 2018 மே 25 முதல் அங்கே தனிநபர் தரவு பற்றிய கடுமையான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நமது நாட்டிலும் 2022 இன் 9 ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சம்மதம் எந்தத் திகதியில் பெறப்பட்டது என்று பதிந்து வைக்க இடம் தராத மென்பொருள் இனி வரும் காலத்துக்கு உதவாது.

அழகான வடிவங்கள், தானே எழுதித் தரும் இயந்திரம் என்று விளம்பரத்தில் முதலில் வருவதையெல்லாம் நான் கடைசியில்தான் பார்த்தேன். எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்ற கணக்கையும் பெரிதாக எடுக்க வேண்டாம். 2021 செப்டெம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பின், ஆள் பார்க்காமலே திறந்ததாகக் கணக்குக் காட்டும். பதில் எழுதியவர் எத்தனை, அறை கேட்டவர் எத்தனை என்று எண்ணுங்கள்.

இப்படி வடிகட்டியபோது எனக்கு மூன்று மிஞ்சின. மூன்றிலும் ஒரே கடிதத்தை, தெரிந்த இருபது பேருக்கு அனுப்பினேன். கட்டாரில் இருக்கும் மைத்துனரின் ஜீமெயில், ஜேர்மன் விருந்தினர் இருவரின் உள்நாட்டு முகவரிகள், ஒரு பிரெஞ்சு முகவரி, பழைய யாஹூ என்று கலந்து. எது எங்கே விழுந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு மூன்று கம்பனிக்கும் ஒரே கேள்வியைப் போட்டேன். ஒருவர் மறுநாள் காலையில் மனிதராகப் பதில் எழுதினார். ஒன்று ஒரு இணைப்பை மட்டும் அனுப்பியது. மூன்றாவது ஆறு நாள் பேசவே இல்லை. முடிவு தானாகவே வந்தது. எந்தக் கம்பனி என்று சொல்லமாட்டேன். உங்கள் பெருக்கல் கணக்கு வேறாக இருக்கும்.

அந்தத் தம்பி அடுத்த ஜும்ஆவுக்குக் கொப்பியோடுதான் வந்தார். 1996 இல் தொடங்கி, சென்னையிலும் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவை எடுக்க அவருக்கு ஆசை, நம் மொழிக்காரர் கம்பனி என்று. ஆசை நல்லதுதான், அதையும் அதே சல்லடையில் போடுங்கள் என்றேன். பிறகு கொப்பியை எண்ணினோம். 96 பெயர்கள். அவற்றில் 23 பேருக்கு வட்ஸ்அப் இலக்கம் மட்டும்தான். மின்னஞ்சல் உள்ளவர்கள் 73. அதிலும் எழுத்து விளங்காதவை ஒன்பது.

"64 பேருக்கு ஒரு கம்பனியும் வேணாம் தம்பி. இரவைக்கு எட்டுப் பேர் வீதம் தனித்தனியா எழுதினா எட்டு நாள்ல முடிஞ்சிரும்" என்றேன். கொஞ்சம் ஏமாற்றத்துடன் தலையாட்டினார். போகும் வழியில் கடையில் ஒரு புதிய சி.ஆர். கொப்பி வாங்கி, அங்கேயே நின்று ஐந்து கோடு போட்டோம்: பெயர், நாடு, மின்னஞ்சல், வந்த திகதி. ஐந்தாவதில், "கடிதம் அனுப்பலாமா?" என்று ஆங்கிலத்தில் எழுதி, விருந்தினர் தானே சரி அடையாளம் இட ஒரு சிறு பெட்டி.