கண் பார்த்தால் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

மூடிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, "ரெண்டு டெர்மினல்ல மட்டும் அளந்து உள்ளே என்ன இருக்குன்னு சொல்லு" என்றால் என்ன செய்வோம்? ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜும் ஷார்ட் சர்க்யூட் கரண்டும் எடுத்து, தெவனின் படம் போட்டு மார்க் வாங்கிவிடுவோம். உள்ளே இருப்பது ஒரு பேட்டரியா பத்தா என்பது கடைசிவரை தெரியாது.

தெவனின் 1883-ல் சொன்ன இந்தத் தியரத்தை 1853-லேயே ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிவிட்டார். அவர் ஆராய்ந்ததோ உடம்பின் மின்சாரம்! வெளியே அளந்த வோல்டேஜை மட்டும் வைத்து, உள்ளே மூலம் எங்கே என்று ஒரே விடையாகச் சொல்ல முடியாது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. இதை லேபில் யாரும் சொல்லலியேன்னு எனக்கு ஏக்கம்தான்.

இப்போது பெட்டிக்குப் பதில் மனிதத் தலை. கறுப்பு வெள்ளைக் கட்டங்களை இடம் மாற்றி மாற்றிக் காட்டினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 100 மில்லி செகண்ட் கழித்துப் பின்மண்டை எலெக்ட்ரோடில் ஒரு பாசிட்டிவ் மேடு வரும். சில மைக்ரோவோல்ட்தான், மூளையின் மற்ற அலைகளுக்குள் அமுங்கிக் கிடக்கும். 100 தடவை எடுத்துச் சராசரி போட்டால் நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகும். அலை தெளியும், இடம் தெளியாது. எலெக்ட்ரோடுக்கு நேர் கீழேதான் மூலம் என்று நினைத்தால் ஏமாந்தோம்.

வழி? எதையாவது மாற்றிப் பார்ப்பதுதான். 1933-ல் கிரானிட், பூனைக்கு ஈதர் கொடுத்துக்கொண்டே அதன் விழித்திரை அலையை எடுத்தார். மயக்கம் ஆழமாக ஆக, அலை ஒவ்வொரு பகுதியாகக் கழன்றது. மூன்று பகுதிகள் கலந்ததே அந்த அலை என்று தெரிந்தது.

மனிதர்களிடம் ஜெஃப்ரீஸும் ஆக்ஸ்ஃபோர்டும் 1972-ல் மாற்றியது படத்தின் இடத்தை. பார்வைச் செய்தி முதலில் சேரும் மூளைப்பகுதி, பின்மூளையில் ஒரு மடிப்புக்குள் இருக்கிறது. மேல்பாதிப் பார்வை மடிப்பின் கீழ்க்கரைக்கும், கீழ்ப்பாதி மேல்கரைக்கும் போகிறது. கரைகள் எதிரெதிரே பார்ப்பதால், படத்தை மேலிருந்து கீழே நகர்த்தினால் முதல் அலை நெகட்டிவிலிருந்து பாசிட்டிவாகத் திரும்பும். பேட்டரியைத் திருப்பிப் போட்ட மாதிரிதான்! ஆனால் பக்கத்துப் பகுதிகளும் இப்படித் திரும்பக்கூடும் என்று பிறகு வாதம் வந்தது, வழக்கு முடிந்தபாடில்லை.

இது வெறும் வாதமில்லை. பார்வை மங்கியவருக்கு அந்த 100 மில்லி செகண்ட் மேடு தாமதித்தால், பார்வை நரம்பில் கோளாறு என்று சொல்லத் தோன்றும். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டாலும் அதே தாமதம் வரலாம். வெளிச்சம் அடித்து எடுக்கும் விழித்திரை டெஸ்ட் முழுத் திரையின் கூட்டுத்தொகை. சின்ன நடுப்பகுதியின் நோய் அதில் தெரியாமல் போகலாம். அதனால் கட்டப்படத்தையே காட்டி விழித்திரை அலையையும் எடுக்கிறார்கள். அதன் முதல் மேடு குறைந்திருந்தால், நரம்பைக் குறை சொல்லுமுன் நடுப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.