மூச்சுக்காற்றும் நோயைச் சொல்லும்



மூடியைத் திறந்ததுமே "மாவு புளிச்சிருச்சு" என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் விடும் வாயுதான் அந்த வாசனை. நுரையீரலில் கிருமி தொற்றினாலும், நம் செல்கள் விடும் வாயுக்கள் மாறி மூச்சோடு வெளிவருகின்றன. இதை வைத்து 3 நிமிடத்துக்குள் கொரோனாவைக் காட்டும் கருவிக்கு 2022 ஏப்ரலில் அமெரிக்கா அவசர அனுமதி தந்தது. தான்சானியாவில் பழக்கிய எலிகள் சளியை முகர்ந்தே காசநோயைக் காட்டியிருக்கின்றன.

காசநோய் நமக்குப் புதிதல்ல. 1968-ல் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெரிய அளவில் சோதித்தது நம் திருவள்ளூர் பகுதியில்தான். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆகவே, சின்ன வயசுல ஊசி போட்டாச்சே என்று இருக்கக்கூடாது. சீக்கிரம் கண்டுபிடிப்பதே பாதுகாப்பு.

அதற்கு நம் கையில் இருப்பது சளிப் பரிசோதனை. 2 வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் போவோம். கம்பெனிக்கு லீவு போட்டா சம்பளம் போயிடும், ஊர் என்ன பேசுமோ என்று தள்ளிப்போட்டால், வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2024 நவம்பர் முதல் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதும்போதே, "வீட்டுல யாருக்காவது இருமல் இருக்கா?" என்றும் கேட்போம்!