குண்டை வாங்குவதா, வார்ப்பதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் துப்பாக்கிப் பயிற்சிக் கிளப்புக்கு ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். பையன் பதினொன்றாம் வகுப்பு. அப்பா கையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் பாதிவரை சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. நாட்டு மருந்துக் கடைச் சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். மேசையில் வைத்தபோது வந்த ‘டொக்’ சத்தத்தில் ஈயம் என்று தெரிந்துவிட்டது.

“வீட்லயே வார்த்தது சார். இனிமே குண்டுக்குன்னு தனியா செலவே இல்ல.”

ஒன்றை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். தலை பரவாயில்லை. பின்பக்கம், நாங்கள் பாவாடை என்று சொல்லும் குழிந்த பகுதி, ஒரு பக்கம் எலி கடித்த முறுக்கு மாதிரி இருந்தது. பையன் என் முகத்தைப் பார்த்தான். அப்பா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்தில் இப்படி வந்த மூன்றாவது பாட்டில் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் விளையாட்டில் ஒலிம்பிக்ஸுக்கு ஒலிம்பிக்ஸ் மோகம் மாறும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் வந்தவர்கள் எல்லோருக்கும் ரைஃபிள் வேண்டியிருந்தது. 2024இல் பாரிஸில் மனு பாகர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு எல்லோருக்கும் பிஸ்டல்தான். “ரைஃபிள் சுடுற இளவேனில் நம்ம கடலூர்ல பொறந்த பொண்ணு சார், நம்ம புள்ளைக்கும் வராதா?” என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. வரலாம். ஆனால் பிள்ளையின் கை எதற்கு ஏற்றது என்று பார்க்கும் முன்பே வீட்டில் முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள். நான் ரைஃபிள்காரன், பாரபட்சம் உள்ளவன்தான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது மோகம் துப்பாக்கியைத் தாண்டி குண்டுக்கு வந்துவிட்டது. வீடியோ பார்த்து அடுப்பு பற்றவைக்கிறார்கள்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டிக்கு 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் குண்டு. தட்டைத் தலைதான் வாங்க வேண்டும், காகிதத்தில் துளை சுத்தமாக விழும். உருண்டைத் தலைக் குண்டு வெளியில் தூரம் சுடுகிறவர்களுக்கு. கூர்முனைக் குண்டு அட்டைப் பெட்டியின் படத்துக்கு மட்டும் அழகு.

முதல் வருஷத்துக்கு உள்நாட்டுத் தட்டைத் தலை டப்பா போதும். டப்பாவைத் திறந்து வெள்ளைத் துணியில் கொட்டி, பாவாடை நசுங்கியதைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உங்களைவிட நன்றாகவே சுடும். அறுபது குண்டில் சராசரி 9.5ஐத் தாண்டி, அது மூன்று மாதம் நிலைத்த பிறகு ஹெச் அண்ட் என், ஆர்டபிள்யூஎஸ், ஜேஎஸ்பி பக்கம் போகலாம். அங்கே தலை விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிடைக்கும். பக்கத்து லேன் பையன் 4.50 போடுகிறான் என்று நீங்களும் அதையே வாங்கக் கூடாது. துப்பாக்கியை வைஸில் பூட்டி, நாலைந்து வகையைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்க வேண்டும். ஈயமில்லாத குண்டும் வருகிறது. எடை குறைவு, விலை அதிகம். அதைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை.

இனி அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்.

கணக்கு மயக்கத்தான் செய்யும். போட்டிக் குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 0.53 கிராம். ஐந்நூறு குண்டுள்ள டப்பாவில் ஈயம் 265 கிராம்தான். காயலான் கடையில் ஒரு கிலோ ஈயம் இரண்டு சினிமா டிக்கெட் விலைக்குக் கிடைக்கும், அதில் ஆயிரத்து எண்ணூறு குண்டுக்கு மேல் தேறும். அப்பாக்கள் இந்தக் கணக்கைத் துண்டுக் காகிதத்தில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தப்பில்லாத கணக்கு. ஆனால் தொழிற்சாலையில் குண்டை உருக்கி ஊற்றுவதில்லை என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. அங்கே ஈயக் கம்பியைத் துண்டு போட்டு, குளிர்ந்த நிலையிலேயே அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். இடையில் காற்று புகாது, பாவாடை மெல்லிசாக, சுற்றிலும் ஒரே கனத்தில் வரும். அந்த மெல்லிய விளிம்புதான் காற்றழுத்தத்தில் விரிந்து குழலின் சுருள் வரிகளைப் பிடித்துக்கொள்ளும். உருக்கிய ஈயத்தை அவ்வளவு மெல்லிய சந்துக்குள் ஊற்றிப் பாருங்கள். அச்சு குளிர்ந்திருந்தால் உள்ளே போகும் முன்பே உறைந்து சுருங்கிவிடும். சூடு ஏறிவிட்டால் அடுப்பில் உள்ள ஈயத்தின் மேல் ஆடை படியும், அது அச்சுக்குள்ளும் போகும்.

அதோடு காற்றுக் குமிழி. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி, குண்டூசித் தலையைவிடச் சின்னது, உள்ளே ஒளிந்துகொண்டால் ஆறு மில்லிகிராம் குறையும். குண்டின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல். எடை குறைந்தால் குண்டு சற்று மேலே விழும், அந்த வித்தியாசம் அற்பம். குமிழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் தொல்லை. ஒரு பக்கம் கனத்த பம்பரம் எப்படித் தள்ளாடும்? அப்படித்தான். ஒவ்வொரு குண்டிலும் குமிழி ஒவ்வொரு பக்கம் இருக்கும். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசில் இது எதுவும் தெரியாது.

தள்ளாட்டம் எவ்வளவு முக்கியம்? ரைஃபிள் இலக்கில் கால் மில்லிமீட்டர் தள்ளினால் 0.1 புள்ளி போச்சு. 2016 ரியோ இறுதிச் சுற்றில் பிந்த்ராவும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் சமநிலையில் இருந்தார்கள். ஒற்றைக் குண்டில் தீர்ப்பு. பிந்த்ரா 10.0, குலிஷ் 10.5. காகிதத்தில் அது ஒன்றேகால் மில்லிமீட்டர். பிந்த்ரா நாலாவது இடத்தோடு வெளியே வந்தார், குலிஷ் வெள்ளி வாங்கினார்.

அப்படியானால் அந்த வீடியோக்களில் வருவதெல்லாம் பொய்யா என்றால், இல்லை. அவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வேட்டைக்காரர்கள். வார்ப்பது பெரிய குழல் காற்றுத்துப்பாக்கிக்கான, கட்டைவிரல் நகம் அளவு கெட்டிக் குண்டு. அதில் மெல்லிய பாவாடை கிடையாது, விலையும் அதிகம், வார்த்தால் லாபம்தான். நம் நாட்டில் 0.177ஐத் தாண்டினால் உரிமம் வேண்டும். அந்த வீடியோவும் உங்கள் பிள்ளையின் துப்பாக்கியும் வேறு வேறு ஜாதி.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது. 1994இல் நானே வார்த்தேன். கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடி, மண்ணெண்ணெய் ஸ்டவ், லேத் பட்டறை நண்பன் கடைந்து கொடுத்த பித்தளை அச்சு. மூன்று ஞாயிறு உட்கார்ந்தேன். நானூறு சொச்சம் வந்தது, பாதிக்கு மேல் திரும்ப உருக்க வேண்டியதாயிற்று. பத்து மீட்டரில் கடைக் குண்டு ஐந்தும் பழைய நாலணாக் காசுக்குள் அடங்கின. நான் வார்த்ததை மூட டீ டம்ளரின் வாய் தேவைப்பட்டது.

மூன்றாவது ஞாயிறு அவசரத்தில் அச்சைத் தண்ணீரில் முக்கி ஆற வைத்தேன். துடைத்தேன் என்றுதான் நினைப்பு. எங்கோ ஒட்டியிருந்த ஒரு சொட்டு, ஈயத்துக்கு அடியில் போய் நொடியில் ஆவியாகிவிட்டது. உருகிய ஈயம் 327 டிகிரிக்கு மேல் இருக்கும், தண்ணீர் அதனோடு சமாதானமாகப் போகாது. கிணற்றில் கல் விழுந்தது மாதிரி ஒரு சத்தம், ஈயம் எழும்பியது. முழங்கைக்குக் கீழே பட்டாணி அளவில் தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது.

அதைவிடப் பயந்தது வேறொன்றுக்கு. ஈயம் மொள்ள ஒரு பழைய இரும்புக் கரண்டியைச் சமையலறையிலிருந்து எடுத்திருந்தேன். நாலு நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தால், அம்மா அதே கரண்டியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் கிடந்ததாம், புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்தாளாம். அன்றைக்கு ரசத்தைக் கொட்டினேன். ஏன் என்று சொல்ல முடியாமல் திட்டு வாங்கினேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். “ஈயச்சொம்புல ரசம் வைக்கிறோமே, ஈயம் என்ன பண்ணும்?” என்று அந்த அப்பாவும் கேட்டார். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். குண்டு காரீயம். பெயரில் பங்காளிகள், குணத்தில் சம்பந்தமே கிடையாது. காரீயம் உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும், வளரும் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பதம் பார்க்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று எந்த அளவையும் சொல்ல முடியாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அடுப்புச் சூட்டில் புகையைவிட மேலே படியும் சாம்பல் தூள்தான் மோசம். கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், தங்கச்சி தவழும் தரைக்கு வரும்.

“ஈயம் எங்கே கிடைச்சது?” என்று கேட்டேன். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து எடுத்தார்களாம். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது. பேட்டரித் தகட்டில் அமிலம் இருக்கும், ஆர்சனிக், ஆன்டிமணி கலந்திருக்கும். உருக்கும்போது வழித்துப் போடும் கசடு ஈரம் பட்டால் விஷ வாயு கிளம்பக்கூடும். வார்த்தே தீருவேன் என்கிற பெரியவர்கள்கூட இதைத் தொடக் கூடாது. வெட்டவெளி, கண்ணாடி, கையுறை, தனிப் பாத்திரம், பக்கத்தில் பிள்ளை இல்லாமை, இத்தனையும் இருந்தால் தூண்டிலுக்கும் வலைக்கும் ஈயமணி வார்த்துக்கொள்ளுங்கள். மீன் உங்களிடம் 10.9 புள்ளி கேட்காது.

குண்டுச் செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. குண்டே இல்லாமல் பழகுவது. கிளப்பில் ‘டிரை’ என்போம். போட்டி ரைஃபிள்களில் அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியை மட்டும் வெறுமனே இழுத்துச் சுடாதீர்கள், பிஸ்டன் அடிபடும். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, குறிமுனை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. எங்களிடம் ஒரு பெண் கிளப்பின் பழைய துப்பாக்கி, உள்ளூர் குண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு, இவற்றை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினாள். தினம் இருபது நிமிஷம் சுவர், பிறகு முப்பதே குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வரி எழுதுவாள், ‘மூச்சு விட்டேன்’, ‘விரல் இழுத்தது’, ‘அவசரம்’ என்று. குண்டு சரியில்லை என்று ஒரு வரிகூட அந்த நோட்டில் இல்லை. இந்த விளையாட்டு எல்லோருக்கும் வராது. எழுபத்தைந்து நிமிஷத்தில் அறுபது குண்டு, ஒன்று கெட்டதும் அடுத்ததற்கு முன் கையைக் கீழே இறக்கிக் காத்திருக்கத் தெரிய வேண்டும். அது சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது, சிலருக்கு மூன்று வருஷத்தில் வருகிறது. வராதவர்கள் நல்ல ஓட்டக்காரர்களாகவோ சதுரங்கக்காரர்களாகவோ இருக்கிறார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. அப்பா அடுப்பை மூட்டி அதை வரவழைக்க முடியாது.

அன்றைக்குப் பையனிடம் கிளப்பின் பழைய ஸ்பிரிங் துப்பாக்கியைக் கொடுத்தேன். பாட்டிலிலிருந்து பத்து, உள்நாட்டு டப்பாவிலிருந்து பத்து. இரண்டு காகிதத்தையும் மேசையில் அருகருகே வைத்தான். அப்பா, “இன்னும் கொஞ்சம் சூடு பண்ணிப் பார்க்கலாமா?” என்றார். பையன் பதில் சொல்லவில்லை. பாட்டிலின் மூடியை இறுக்கிவிட்டு, வாசலில் இருந்த குழாயடிக்குப் போய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினான்.