யார்மத்தைத் தாண்டும் முன்: பாய்மரப் படகோட்டும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் சவுத்தாம்ப்டனில் உன்னோடு படிக்கும் மூன்று நண்பர்களும் ஜூன் மாதக் கடைசியில் வைட் தீவை ஒரே இரவில் சுற்றிவரும் நன்கொடைப் போட்டியில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாடகைக்குப் படகு பேசியாகிவிட்டது. பணம் தருவதாகப் பலர் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். நால்வரில் ஒருத்திக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஸ்கிப்பர் நீ என்பதால் முடிவு உன் தலையில் வந்து நிற்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் பாதியில் திரும்பிவிடும் உரிமையை நால்வரும் கரையிலேயே பேசி எடுத்துக்கொண்ட பிறகு போங்கள். நன்கொடை தருபவர்களிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இது முடியவில்லை என்றால் இந்த வருடம் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

சென்னைத் துறைமுகத்தில் சின்னப் படகில் பழகியவள் நீ. அந்தக் கடல் கொடுத்த பயிற்சியைக் குறைவாக நினைக்காதே. அங்கே பழகிய நேத்ரா குமணன்தான் பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். ஆனால் நீ ஓட்டிய போட்டிகள் பகலில் நடந்தவை. ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கவிழ்ந்தால் மீட்புப் படகு உடனே வந்துவிடும், தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும். இப்போது நீ கேட்பது சுமார் 50 கடல் மைல். 5 நாட் வேகத்தில் போனாலும் 10 மணி நேரம் ஆகும். ஜூன் கடைசியில் அங்கே கடல் நீரின் வெப்பம் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரில் திடீரென்று விழுபவருக்கு முதல் ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் நிற்காது. நீந்தத் தெரிந்தவர்கள்கூட அந்த நேரத்தில்தான் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இதைப் படி. கௌஸில் மாலை 7 மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கே வடியும் நீரோட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மணி நேரத்துக்குள் இடது பக்கம் யார்மத் துறைமுகம் வந்துவிடும். ஜூனில் சூரியன் 9 மணிக்கு மேல்தான் மறையும் என்பதால் அப்போதும் வெளிச்சம் இருக்கும். பக்கத்தில் மற்ற படகுகள் போகும், எல்லோரும் உற்சாகமாக இருப்பீர்கள். இந்தப் பயணத்தில் நீ எடுக்க வேண்டிய பெரிய முடிவு அந்த இடத்தில்தான் இருக்கிறது. யார்மத்தைத் தாண்டினால் ஹர்ஸ்ட் குறுகல். பெரும் ஓதக் காலத்தில் அங்கே நீர் 4 நாட் வேகத்துக்கும் மேல் ஓடும். காற்று தென்மேற்கிலிருந்து வீசினால், வடியும் நீர் அதை நேருக்கு நேர் சந்தித்து, குட்டையான செங்குத்து அலைகளைக் கிளப்பிவிடும். அதற்கு அடுத்தது நீடில்ஸ் பாறைகள். 1947-இல் அங்கே உடைந்த வர்வாசி என்ற கிரேக்கக் கப்பலின் இரும்பு இன்னும் பாறைகளை ஒட்டிக் கிடக்கிறது. முனையை நெருக்கி வெட்டித் தூரத்தை மிச்சப்படுத்த நினைத்த எத்தனையோ போட்டிப் படகுகளின் அடிப்பாகத்தை அது பதம் பார்த்திருக்கிறது.

நீடில்ஸைத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அங்கிருந்து செயின்ட் கேத்தரின்ஸ் முனை வரை சுமார் 12 கடல் மைல் தூரத்துக்கு ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. தென்மேற்குக் காற்று வீசினால் படகை அந்தக் கரையை நோக்கியே தள்ளும். ப்ரூக், ஆதர்ஃபீல்ட் பாறைத் தட்டுகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. அங்கே ஒருவருக்கு வாந்தி நிற்காமல் போனாலும், பாய்க் கயிறு அறுந்தாலும், உன் கை சோர்ந்தாலும், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே போய்த்தான் ஆக வேண்டும். அதனால் யார்மத்துக்கு முன்னால் ஒரு மிதவையைக் குறித்துக்கொள். அங்கே வந்ததும் நால்வரிடமும் பெயர் சொல்லிக் கேள். ஒருவர் வேண்டாம் என்றாலும் படகு யார்மத்துக்குள் போக வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கக் கூடாது. இந்த ஒப்பந்தத்தை இப்போதே செய்துகொள்ளுங்கள். காற்றும் உற்சாகமும் ஏறிய நேரத்தில் இதைப் புதிதாகப் பேச முடியாது.

விடியற்காலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவின் கிழக்குப் பக்கம் சுற்றி வரும்போது மணி மூன்று நான்கு ஆகியிருக்கும். உடம்பு தூக்கத்துக்காகக் கெஞ்சும் நேரம் அது. சவுத்தாம்ப்டனுக்கு வரும் 400 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல்கள் நுழைவதும் அந்தக் கிழக்கு வாசல் வழியாகத்தான். 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள சோலண்ட் நீரிணையின் குறுகலான பகுதியில் வரும்போது, அதன் முன்னால் 1,000 மீட்டருக்குள்ளும் இரு பக்கமும் 100 மீட்டருக்குள்ளும் யாரும் நுழையக் கூடாது. பாய்மரப் படகுக்கு அங்கே எந்த முன்னுரிமையும் இல்லை. கப்பலின் இரண்டு வெள்ளை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும், பச்சையும் சிவப்பும் சேர்ந்தும் தெரிந்தால் அது உன்னை நோக்கியே வருகிறது. உன் மூவரில் இன்னொருவருக்காவது இந்த விளக்குகளைப் பார்த்தவுடன் புரிய வேண்டும். நீ ஒருத்தியே இரவு முழுக்க விழித்திருந்து சமாளித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுங்கள். முதல் ஓய்வு யாருக்கோ, அவர்கள் தூக்கம் வராவிட்டாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் படுக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. நள்ளிரவில் நீயே கடலில் விழுந்துவிட்டால், மற்ற மூவரும் படகைத் திருப்பி உன்னை மேலே எடுப்பார்களா? 6 நாட் வேகத்தில் போகும் படகு ஒரே நிமிடத்தில் 185 மீட்டர் விலகிவிடும். அலைகளுக்கு நடுவே ஒரு தலையை அந்தத் தூரத்தில் இருட்டில் தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். நனைந்த ஆளைக் கையால் தூக்க முடியாது. பாயேற்றும் கயிற்றை மாட்டி வின்ச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். விஎச்எஃப் வானொலிக் கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, 16-ஆம் சேனலில் இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்க மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போட்டிக்கு முன் அமைதியான ஓர் இரவில் யார்மத் வரை போய்வாருங்கள். அந்திக் கருக்கலில் ஒரு மிதவையைத் தூக்கிப் போட்டு, நீ சுக்கானைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டு, அவர்களை எடுக்கச் சொல். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அவர்கள் செய்துவிட்டால் உங்களிடம் ஒரு குழு இருக்கிறது. முடியவில்லை என்றால், உன் ஒருத்தியின் திறமையை நம்பி மூன்று உயிர் கடலுக்குப் போகிறது என்று அர்த்தம்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டைத் தொடைப் பட்டையோடு மாட்டி, பாதுகாப்புக் கயிற்றைக் கொக்கியில் பூட்டிவிட வேண்டும். படியேறி காக்பிட்டுக்கு வருவதற்கு முன்பே பூட்டிக்கொள்ள வேண்டும். பையன்கள் படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கக் கூடாது. இதை வெட்கப்படாமல் சொல். சுக்குக் காபி போட்டுப் பிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிருக்கும் ஆகும், குமட்டலுக்கும் ஆகும்.

அடுத்து, பணம். நீங்கள் நிதி திரட்டுவது எலன் மெக்ஆர்தர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக. தனியாக உலகைச் சுற்றிவந்த எலன் 2003-இல் தொடங்கியது அது. சிகிச்சை முடித்துத் தேறிவரும் பிள்ளைகளையும் இளையவர்களையும் கடலுக்கு அழைத்துப் போய், அவர்களுக்கு மறுபடியும் தங்கள்மேல் நம்பிக்கை வரச் செய்கிறது. இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. காரணம் நல்லதாக இருப்பதால்தான் ஆபத்தும் இருக்கிறது. இத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்களே, திரும்பினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணம், காற்று ஏறும்போது உன் காதருகே உட்கார்ந்து பேசும். அதன் வாயை இப்போதே அடைத்துவிடு. மைலுக்கு இவ்வளவு, முடித்தால் இவ்வளவு என்று யாரிடமும் வாங்காதே. "நாங்கள் கிளம்பாமல் போகலாம், பாதியில் திரும்பலாம், உங்கள் பணம் எப்படியும் அறக்கட்டளைக்குப் போய்ச் சேரும்" என்று எல்லோருக்கும் எழுதிவிடு. இதைப் படித்துப் பின்வாங்குபவர் இருந்தால் பின்வாங்கட்டும். படகு வாடகையையும் நுழைவுக் கட்டணத்தையும் உங்கள் கைப் பணத்தில் கட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் வரி விடாமல் படி. இரவில் ஓட்டுவதையும் போட்டியில் இறங்குவதையும் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. அனுமதியும் காப்பீடும் எழுத்தில் கைக்கு வராமல் பெயர் கொடுக்காதே.

நன்கொடைப் போட்டிதானே, நடத்துபவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று உன் நண்பன் ஒருவன் சொன்னதாக எழுதியிருந்தாய். உலகம் முழுவதும் பாய்மரப் போட்டிகளுக்கு உள்ள அடிப்படை விதிகளில் ஒன்று, போட்டியில் சேர்வதும் தொடர்வதும் அந்தந்தப் படகின் பொறுப்பு மட்டுமே என்கிறது. நடுவர் தொடக்கக் குண்டு சுட்டார் என்பதற்காகக் கடல் உங்கள் படகுக்கு ஏற்றதாக ஆகிவிடாது. 1979 ஆகஸ்டில் இதே கௌஸிலிருந்துதான் 303 படகுகள் ஃபாஸ்ட்நெட் போட்டிக்குக் கிளம்பின. இரண்டு நாள் கழித்து அடித்த புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை பிறகு மிதந்தபடியே கிடைத்தன. உங்கள் பாதை அவ்வளவு தூரமானது இல்லை. ஆனாலும் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொள்: படகு மிதக்கும்வரை படகிலேயே இரு.

கிளம்பும் நாளில் செல்சி பில்லிலிருந்து லைம் ரெஜிஸ் வரையான கரையோர வானிலை அறிக்கையைக் கேள். இப்போது இருக்கும் அனுபவத்துக்கு, காற்று 4-ஆம் விசை வரை என்றால் போங்கள். 5 என்று வந்தால் திசையையும் ஓதத்தையும் வைத்து நால்வரும் பேசுங்கள். 6 என்ற எண் அறிக்கையில் எங்கே வந்தாலும் கிளம்பாதீர்கள். இந்த எல்லையை இன்றே எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். திரும்பினால் போட்டி நடத்துபவர்களுக்கு உடனே தகவல் சொல்லிவிடு. இல்லாவிட்டால் உங்களைக் காணோம் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நிலைமை கையை மீறும் என்று தோன்றினால் தாமதிக்காமல் கடலோரக் காவலரைக் கூப்பிடு. யார்மத்திலும் பெம்பிரிட்ஜிலும் ஆர்என்எல்ஐயின் உயிர்காப்புப் படகுகள் இருக்கின்றன. 1824-இல் தொடங்கிய அந்த அமைப்பு நன்கொடையில்தான் நடக்கிறது. படகில் வருபவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். அவர்கள் காசு கேட்க மாட்டார்கள், ஏன் வந்தாய் என்றும் கேட்க மாட்டார்கள். அவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்று தயங்கித் தயங்கி, கடைசி நிமிடத்தில் கூப்பிடுவதுதான் அவர்களுக்கு உண்மையான ஆபத்து.

மனம் ஒப்பாத அந்தத் தோழியைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். அவளிடம் மற்றவர்கள் இல்லாத நேரத்தில் பேசு. சம்மதிக்க வைக்கப் பேசாதே, என்ன பயம் என்று கேட்டுத் தெரிந்துகொள். நட்புக்காகச் சரி என்று சொல்லி ஏறுபவர் இரவு இரண்டு மணிக்குப் படும் பாடு மிகக் கொடியது. அவள் வேண்டாம் என்றால் அதை முழு மனதோடு ஏற்றுக்கொள். கரையில் அவளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. உங்கள் பெயர்ப் பட்டியல், பாதை, ஒவ்வொரு முனைக்கும் வர வேண்டிய நேரம் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்த ஒருவர் கரையில் விழித்திருக்க வேண்டும். நான்காவது இடத்துக்கு இரவில் ஓட்டிப் பழகிய ஒருவரைக் கூப்பிடு. அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் இந்த வருடம் கரையில் இருந்து உதவுங்கள். அடுத்த ஜூனுக்குள் நீங்கள் நால்வரும் எத்தனையோ இரவுகள் ஓட்டியிருக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்து பேசுங்கள். முடிவை எனக்கு எழுது. என் பங்கு நன்கொடையை அறக்கட்டளைக்கு இன்று காலையே அனுப்பிவிட்டேன். நீங்கள் தீவைச் சுற்றினாலும், யார்மத்தில் ஒதுங்கினாலும், கிளம்பாமலே இருந்தாலும் அந்தப் பணம் ஒரு பிள்ளையைக் கடலுக்கு அழைத்துப் போகும். அதனால் எனக்காக நீ எதையும் முடித்துக் காட்ட வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் அக்கா