பூசானின் ஓவியங்களில் கவித்துவ உந்துதல்: கிண்ணமும் சுட்டுவிரலும்

முன்னுரை

கவிதை பயிற்சியால் பிறக்கிறதா, தெய்வ அருளால் பிறக்கிறதா என்னும் வினா மேலைக் கவிதையியலில் தொன்மையானது. கவிஞன் கலைத்திறனால் அன்றித் தெய்வ ஆவேசத்தாலேயே பாடுகிறான் என்னும் கருத்தைப் பிளேட்டோவின் 'அயான்' உரையாடல் முன்வைக்கிறது. பரோக் காலத்தில் உரோமில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் (1594–1665) கவித்துவ உந்துதலை உருவகமாக்கி இரண்டு ஓவியங்களைத் தீட்டினார். அவ்விரண்டிற்கும் இடையிலான குறியீட்டு வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிண்ணம்

ஹனோவர் அருங்காட்சியகத்திலுள்ள சிறிய ஓவியத்தில், அப்பல்லோ அளிக்கும் கிண்ணத்திலிருந்து கவிஞன் பருகுகிறான். கலைத்தெய்வங்களுக்குரிய ஊற்றுநீரைப் பருகியோர் கவிபாடும் ஆற்றல் பெறுவர் என்னும் தொன்மத்தை இது நினைவூட்டுகிறது. இங்கு உந்துதல் வெளியிலிருந்து உள்ளே புகுவது. காட்சியின் மையம் பருகுதலே, எழுதுதல் அன்று.

சுட்டுவிரல்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருப்பது, 1630ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்ட பெரிய ஓவியம். இதில் கவிஞன் எழுதுகோலும் ஏடும் ஏந்தி மேல்நோக்குகிறான். 1593இல் முதற்பதிப்புக் கண்ட சேசரே ரீப்பாவின் 'ஐகோனோலோஜியா' என்னும் உருவகக் களஞ்சியம், கவித்துவ ஆவேசத்தை எழுதும் நிலையில் வானை நோக்கும் இளைஞனாக விவரிக்கிறது. பூசானின் கவிஞன் அம்மரபினன். ஆயின், யாழின்மேல் கையூன்றிய அப்பல்லோவின் விரல் வானைச் சுட்டவில்லை. கவிஞனின் ஏட்டையே சுட்டுகிறது.

இலியட், ஒடிசி, ஈனிட் ஆகிய காப்பியங்களும் நூல்வடிவில் இவ்வோவியத்தில் இடம்பெறுகின்றன. அருகில் நிற்கும் பெண், காப்பியத்திற்குரிய கலைத்தெய்வமாகிய கல்லையோப்பி என்பர். இவற்றைக் கொண்டு கவிஞனை வெர்ஜில் எனக் கருதுவோர் உளர். உருவக ஓவியத்தில் காலமுரண் இயல்பே எனினும், ஈனிட் முடிவுற்ற நூலாகவே அங்கு இருத்தலின், முன்னோர் நூல்களைக் கற்று எழுத முனையும் பெயர் சுட்டப்படாத கவிஞனாக அவனைக் கொள்வது மிகப் பொருந்தும். புகழின் குறியீடாகிய லாரல் மாலையைச் சிறகுக் குழந்தை அவன் தலைக்குமேல் ஏந்தியுள்ளது. மாலைக்குக் கீழே எழுதுகோல் காத்திருக்கிறது.

முடிவுரை

முதல் ஓவியத்தில் அருள் பருகப்படுகிறது. இரண்டாவதில் அது எழுதப்பட வேண்டியதாகிறது. பூசான் அருளை மறுக்கவில்லை. கல்வியையும் எழுத்துழைப்பையும் அதன் வழிகளாக்குகிறார். மேல்நோக்கிய கண் ஆவேசத்தையும், ஏட்டைச் சுட்டும் விரல் கலைத்திறனையும் உணர்த்துகின்றன. பிளேட்டோவின் உரையாடல் எதிரெதிராக நிறுத்திய இரண்டும் லூவர் ஓவியத்தில் ஒரே காட்சியாக இணைகின்றன எனலாம்.